கடைசி எண்ணை இன்னும் எழுதவில்லை

1

இந்தக் கதையை நான் திருடவில்லை. கேட்டு வாங்கவும் இல்லை. நாற்பத்து நாலு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன். சிவப்பு விளக்குகளில் நின்ற நேரங்களில் துண்டு துண்டாக என் காதில் விழுந்த கதை இது. சொன்னவர் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மாஸ்டர். பச்சை விழுந்ததும் கதையை அப்படியே விட்டுவிட்டு "கிளட்ச், மேடம், கிளட்ச்!" என்பார். அதனால் இப்போதும் இதில் உருக்கமான இடம் எதையாவது எழுத உட்கார்ந்தால் என் இடது கால் தானாகத் தரையை மிதிக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அன்று காலை வானம் தெளிவாக இருந்தது. ஒரு சிறுமியின் வாழ்வில்

(வேண்டாம். இந்தக் கதையில் வானத்துக்கு ஒரு வேலையும் இல்லை.)

அடுத்து இப்படி:

ஏழு வயதுக் குழந்தைக்குப் பக்கவாதம் வருமா? பாவம், அந்தப் பிஞ்சு

இதை மாஸ்டரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் போய் மகளிடம் கொடுத்துவிட்டார். மறுநாள் தாள் திரும்பி வந்தது. 'பாவம்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம், அதன் குறுக்கே ஒரு கோடு. 'பிஞ்சு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கோணல் கையெழுத்தில் ஒரு கேள்வி: "நான் என்ன கத்தரிக்காயா?"

அன்றிலிருந்து இந்தக் கதைக்கு அவள்தான் ஆசிரியை. நான் எழுதுகிற ஆள், அவ்வளவுதான். இரண்டு நிபந்தனைகள் போட்டாள். முதலாவது, கதையைச் சின்னச் சின்னதாக வெட்டி நம்பர் போட வேண்டும். "நீளமா போனா நான் வேற எங்கயாவது போயிடுவேன் ஆன்ட்டி. நம்பர் இருந்தா எங்க விட்டேன்னு கண்டுபிடிச்சு திரும்பி வந்துடுவேன்." இரண்டாவது, பாதியில் விட்ட வரிகளை அழிக்கக் கூடாது. "நான் பாதியில விட்டா ஊருக்கே தெரியுது. நீங்க விட்டா மட்டும் ஏன் மறைக்கணும்?"

ஆகவே வானம் மேலே அப்படியே இருக்கிறது.

2

அவளை வீட்டில் மிளகு என்று கூப்பிடுவார்கள். பிறந்தபோது அத்தனை சின்னதாகவும் அத்தனை காரமாகவும் இருந்தாளாம்.

ஏழு வயதில், ஒரு பள்ளிக்கூட நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது. "விளையாடாதே, வண்டி வந்துடும்" என்றார் மாஸ்டர். மூன்றாம் முறை எடுக்கக் குனிந்தவள் வலது பக்கமாகச் சரிந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. "அப்பா" என்று சொல்லத்தான் பார்த்தாள். அது வேறு ஏதோ சத்தமாக வந்தது.

அம்மாவுக்கு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதும் வேலை. அவர் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார். மாஸ்டர் குழந்தையை அள்ளிப் பயிற்சி வண்டியிலேயே போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். வண்டியின் கூரைமேல் பயிற்சிப் பலகை இருந்ததால், யாரோ கத்துக்குட்டி தாறுமாறாக ஓட்டுகிறான் என்று எதிரே வந்தவர்களெல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்களாம். "அன்னிக்கு நடந்த ஒரே நல்லது அதுதான் மேடம்" என்றார்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார் டாக்டர்.

"குழந்தைக்கா?" என்று மாஸ்டர் கேட்டார். பிறகு உறவினர்கள் கேட்டார்கள், அக்கம்பக்கம் கேட்டது, பள்ளிக்கூடம் கேட்டது. நானும் வண்டியில் அதையேதான் கேட்டேன்.

"குழந்தைக்கும் வரும். அபூர்வம்தான், ஆனா வரும்" என்றாராம் டாக்டர்.

(இங்கே மாஸ்டர் ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் நின்றபடி தன்னைத் தானே நொந்துகொள்ளும் ஒரு பக்கம் இருந்தது. "விளையாடாதே" என்ற சொல் அவரை எப்படிக் குடைந்தது என்று விரிவாக எழுதியிருந்தேன். ஆசிரியை ஓரத்தில் குறித்திருந்தது: "அப்பா இதை இன்னும் அம்மாகிட்டயே சொல்லல. எடுத்துடுங்க." எடுத்துவிட்டேன். 'விளையாடாதே' என்று அவர் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் எடுக்க மறந்துவிட்டேன்.)

3

மூன்று வாரத்தில் நடந்தாள். ஆறு மாதத்தில் வலது கை வந்தது. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்ட அன்று மாஸ்டர் போட்ட கூச்சலில் மாடிவீட்டுக்காரர் தீ விபத்து என்று நினைத்து இறங்கி ஓடி வந்தாராம்.

"கை வராத வரைக்கும் எல்லாரும் பார்த்தாங்க மேடம். பையைத் தூக்கிக் கொடுத்தாங்க, கதவைத் திறந்து விட்டாங்க. கை வந்ததும், சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டு அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிட்டாங்க. மிச்சம் இருந்தது யார் கண்ணுக்கும் தெரியல."

அந்த மிச்சம் இதுதான். ஷூ போட்டுக்கொள் என்றால் ஒரு ஷூவைப் போடுவாள். அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தால் மற்ற ஷூவுக்குள் ஒளி எப்படி விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று வேலை சொன்னால் முதல் இரண்டும் காற்றில் போகும், மூன்றாவது மட்டும் கையில் நிற்கும். கணக்குக்கு விடை தெரியும். நோட்டை எங்கே திறந்து எதில் தொடங்குவது என்பதுதான் தெரியாது. படம் வரைந்துகொண்டிருப்பவளைச் சாப்பிடக் கூப்பிட்டால் வீடு இரண்டாகும்.

வகுப்பு டீச்சர் அறிக்கையில் எழுதினார்: "திறமை உண்டு. அக்கறை இல்லை. சோம்பல்." இப்படியே போனால் அடுத்த வருஷமும் நாலாம் வகுப்பிலேயே உட்கார வேண்டியதுதான் என்று வாய்மொழியாகவும் சொல்லி அனுப்பினார்.

இந்த இடத்தில் ஒரு கட்டுரைப் பத்தி எழுதத் தொடங்கினேன்:

மூளையின் முன்பகுதியானது திட்டமிடுதல், தொடங்குதல், தன்னைத் தடுத்துக்கொள்ளுதல் ஆகிய

(ஆசிரியை இங்கே தூங்கிவிட்டதாகத் தகவல்.)

ஆஸ்பத்திரியில் மிளகுக்குப் பயிற்சி கொடுத்த தெரபிஸ்ட் சொன்னது இதைவிட நல்லது. முப்பது வயது தாண்டாத பெண்; மிளகுக்கு அவர் 'அக்கா'. பெற்றோரை உட்கார வைத்துச் சொன்னார்: "சமையலறையில சாமான் எல்லாம் இருக்கு. சமைக்கவும் தெரியும். எந்த அடுப்பை முதல்ல பத்தவைக்கணும், எதை எப்ப இறக்கணும்னு சொல்ற ஆள்தான் அடிபட்டுட்டார். இதுக்குப் பேரு சோம்பல் இல்ல. அந்த ஆள் எவ்வளவு தூரம் தேறி வருவார்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. ஆனா பழக்கலாம்."

அம்மா அந்த அறிக்கைத் தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

4

ஒரு பயிற்சி நேரத்தில், மிளகு அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, தெரபிஸ்ட் ஒரு தாளில் புள்ளி வைத்துக்கொண்டே இருந்தார். கால் மணி நேரத்தில் நாற்பத்தொரு புள்ளி. "என்னங்க இது?" என்று மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"நீங்க அவளுக்குச் சொன்னது. இதை எடு, அதை வை, இங்க பாரு, கவனம், அடுத்தது அடுத்தது. அவ மூளை பாக்க வேண்டிய வேலையை நீங்க பாத்துட்டு இருக்கீங்க சார். அப்புறம் அது எப்பதான் பழகும்?"

(மாஸ்டரின் தொழிலை மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். காலடியில் ரகசியமாக இரண்டாவது பிரேக் வைத்துக்கொண்டு நாளெல்லாம் அடுத்தவரை அதட்டுகிற மனிதர் இந்தக் கதைக்கென்று தைத்துப் போட்ட சட்டை மாதிரி இருக்கிறார். வாசகர் நம்ப மாட்டார். தையல்காரர் ஆக்கிவிடட்டுமா என்று கேட்டேன். "எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூட வராதுங்க" என்றார் மாஸ்டர். விட்டுவிட்டேன்.)

தெரபிஸ்ட் ஒரு ஏற்பாடு சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க மிளகின் பொறுப்பு. எங்கே போவது, எப்படிப் போவது, என்ன எடுத்துப் போவது எல்லாம் அவளே தீர்மானிக்க வேண்டும். அப்பா கூடவே போகலாம், ஆனால் வெறும் பயணி. உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய வாய் திறக்கக் கூடாது.

"நீச்சல் குளம்" என்றாள் மிளகு, யோசிக்காமலேயே. நோய்க்கு முன் அவள் தண்ணீரிலேயே கிடந்தவள். ஆழமில்லாத பக்கத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, இறங்கலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

ஓர் அட்டையில் படம் போட்டு வரிசை எழுதினாள். முட்டை அவிக்க. ரொட்டிக்குள் வைக்க. பை. பஸ். குளம். அட்டையின் பின்பக்கம் தெரபிஸ்ட் சொல்லச் சொல்ல எழுதியது: "நில். என்ன ஆச்சு? என்ன செய்யலாம்?"

5

ஞாயிறு காலை முட்டை அவிந்தது. ஒரு முட்டையை உரிக்க இருபது நிமிஷம் ஆனது, ஓட்டுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய தோல் அவ்வளவு சுவாரசியமாக இருந்ததால். மாஸ்டர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார். அம்மா வாசலில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போயிட்டு வாங்க ரெண்டு பேரும். யாரை யார் கூட்டிட்டுப் போறீங்கன்னு மட்டும் தெரியல" என்றார்.

பஸ் நிறுத்தத்தை ஒட்டி, செருப்பும் குடையும் பழுது பார்க்கிற ஒரு சின்னக் கடை. அன்றைக்கு அதன் பலகைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெயின்டர் ஏணிமேல் நின்று கடையின் போன் நம்பரை ஒவ்வோர் எண்ணாகச் சிவப்பில் எழுதிக்கொண்டிருந்தார். மிளகு நீலப் பையை பெஞ்சில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். பார்த்தாள் என்றால் அப்படி ஒரு பார்வை. ஐந்தின் வயிறு வளைவதை, ஒன்பதின் வால் இறங்குவதை. பஸ் வந்தது. நின்றது. போனது.

மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அடுத்த பஸ் வந்தபோது அவளாகவே விழித்துக்கொண்டாள். "அப்பா, பஸ்!" ஓடிப்போய் ஏறினாள்.

பை பெஞ்சில் இருந்தது.

மாஸ்டர் பார்த்துவிட்டார். படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றார். பை என்பது நம் மொழியில் ஒரே ஓர் எழுத்து. அந்த ஓர் எழுத்து அவர் தொண்டையில் முள்ளாக நின்றது. பை உயிர் அல்ல. பைக்கு ஆபத்து என்றால் உயிருக்கு ஆபத்து ஆகாது. சட்டம் பேசிப் பார்த்தார். நாற்பத்தொரு புள்ளிகளையும் நினைத்துக்கொண்டார். கண்டக்டர், "ஏறுறீங்களா, இறங்குறீங்களா?" என்றார். ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு ஏறினார்.

6

குளத்தின் சீட்டுக் கவுன்டரில், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். "நீச்சல் உடை இருக்கா பாப்பா?"

மிளகு தோளைத் தொட்டாள். மற்றத் தோளைத் தொட்டாள். முகம் சிவந்தது, மூச்சு வேகமானது. அடுத்து என்ன வரும் என்று மாஸ்டருக்குத் தெரியும். தரையில் விழுந்து காலை உதைத்து, ஒரு மணி நேரம். அவர் ஓரடி முன்னால் வைத்தார். அதற்குள் அவள் சட்டைப்பையிலிருந்து அட்டையை உருவிப் பின்பக்கத்தைத் திருப்பினாள். "நில்" என்று சத்தமாகவே படித்தாள். நின்றாள். "என்ன ஆச்சு? பை இல்ல." பிறகு மெதுவாகத் திரும்பினாள்.

"அப்பா. நீ பாத்தியா?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர். "பாத்தேன்டா."

"பாத்துட்டும் சொல்லலையா?"

"சொல்லக் கூடாதுன்னு அக்கா…"

"அதுல முட்டை இருக்கு!" என்று கத்தினாள். கண் நிறைந்துவிட்டது. "நீ என் அப்பாவா, அக்காவோட அப்பாவா?"

கவுன்டர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாஸ்டரை மேலும் கீழும் பார்த்தார். பெற்ற மகள் முன்னாலும் ஊரான் வீட்டு அம்மா முன்னாலும் குற்றவாளியாக நின்றதுபோல் தன் வாழ்நாளில் எங்கும் நின்றதில்லை என்கிறார் மாஸ்டர். மிளகு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கவுன்டரில் எம்பி நின்றாள்.

"என்ன செய்யலாம்?" இது அட்டையின் மூன்றாவது வரி. கேட்டது கவுன்டர் அம்மாவையா, தன்னையா என்று தெரியவில்லை. பிறகு, "எனக்கு அந்தக் கடையோட நம்பர் தெரியும்" என்றாள்.

7

கடகடவென்று ஒப்பித்தாள். கடைசி எண் மட்டும் இல்லை. பெயின்டர் அதை எழுதத் தூரிகையை எடுத்தபோதுதான் பஸ் வந்துவிட்டது.

"பத்துல ஒண்ணுதானே" என்று கவுன்டர் அம்மா போனை அவள் பக்கம் தள்ளினார். "பூஜ்யத்துலேர்ந்து வா."

பூஜ்யம்: அப்படி ஒரு நம்பரே இல்லை.

ஒன்று: "குழாய் ரிப்பேரா? எப்பதான் வருவீங்க?" "இல்லங்க, நான் நாலாவது படிக்கிறேன்." "அப்ப வேண்டாம்."

இரண்டு: மணி அடித்துக்கொண்டே இருந்தது. "எடுக்கலைன்னா தப்பான நம்பரா, சரியான நம்பரா?" என்றாள். கவுன்டர் அம்மாவுக்கும் தெரியவில்லை.

மூன்று: ஒரு பெண். பின்னால் ஏதோ ஒரு பறவை கத்துகிற சத்தம். என்ன பறவை என்று விசாரித்துவிட்டு வைத்தாள். அடுத்து எது என்று மறந்துபோய் மறுபடி மூன்றையே போட்டாள். "இப்பதானேம்மா கிளின்னு சொன்னேன்" என்றது அதே குரல்.

அப்போது அவள் போனைக் கீழே வைத்துவிட்டு, "பேனா இருக்கா?" என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை. மாஸ்டர் சத்தியம் செய்கிறார், யாருமே சொல்லவில்லை. ஒரு பழைய சீட்டின் பின்னால் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை மேலிருந்து கீழே எழுதினாள். முடிந்ததை அடித்தாள். இரண்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி.

நான்கு: ஒரு பெரியவர். பை என்றதும் அவருக்கு, ரயிலில் தான் தொலைத்த பை ஞாபகம் வந்துவிட்டது. பச்சை நிறமாம், உள்ளே புல்லாங்குழலாம். மிளகின் கண்கள் அகலமாவதை மாஸ்டர் பார்த்தார். அவ்வளவுதான், புல்லாங்குழலோடு போய்விட்டாள், இனி திரும்ப மாட்டாள் என்று நினைத்தார். ஒரு நிமிஷம் ஆனது. அவள் பார்வை மெல்லச் சீட்டில் இருந்த எண்களுக்கு இறங்கியது. "தாத்தா, கதை நல்லா இருக்கு. ஆனா எனக்கு இப்ப ஒரு வேலை இருக்கு" என்றாள்.

மாஸ்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு வருஷமாக அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் தலைகீழாக நின்றுகொண்டிருந்தார்கள்.

ஐந்து: யாரோ தும்மிவிட்டு வைத்துவிட்டார்கள்.

ஆறு: "ஆமாம்மா, ரிப்பேர் கடைதான். குடையா, செருப்பா?"

"பை" என்றாள் மிளகு. "வெளிய பெஞ்சுல. நீலம்."

"இரு, பாத்துட்டு வரேன்." செருப்புச் சத்தம் தூரமாகப் போனது.

8

இங்கே என்னிடம் மூன்று வழிகள் இருந்தன. பை இருந்தது; பை இல்லை; பை இருந்தது, ஆனால் முட்டைகளை நாய் தின்றுவிட்டது. எழுதுகிறவளின் புத்தி இரண்டாவதற்கே போயிற்று. இலக்கியத்தில் தொலைந்த பை கிடைக்கக் கூடாது என்று எனக்கு ஒரு மூடநம்பிக்கை. அப்படியே எழுதியும்விட்டேன்:

மறுமுனையில் ஒரு நீண்ட மௌனம். அந்த மௌனத்தில் அவள் முதன்முறையாக இழப்பு என்பதன்

"கிடைச்சுதே!" என்று சிவப்பு மையில் எழுதி மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தாள் ஆசிரியை. கிடைத்ததுதான். நாய் மோந்து பார்ப்பதைக் கண்ட பெயின்டர் பையை எடுத்துத் தன் ஏணியில் மாட்டி வைத்திருந்தார்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருந்தது. கவனம் நிற்காத பிள்ளைக்கு அத்தனை எண்களும் எப்படி ஞாபகம் இருந்தன? தெரபிஸ்டையே பார்த்துக் கேட்டேன். "கவனம் இல்லைன்னு யார் சொன்னா? ஒட்டினா பசை மாதிரி ஒட்டும். அதைப் பிய்ச்சு அடுத்த இடத்துல வைக்கிறதுதான் அவளுக்குக் கஷ்டம். அன்னிக்கு நாலு போட்ட போன்ல பிய்ச்சு வெச்சா பாருங்க" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை எழுத எனக்கு வசப்படவில்லை.

9

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் அப்பாவோடு பேசவில்லை. வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். அந்த இருபது நிமிஷமும், தான் செய்தது சரியா தப்பா என்று மாஸ்டர் தன்னையே வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை என்கிறார். என்னிடமும் இல்லை.

கடைப்படியில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். நான்கு ரொட்டி. ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று ஏணியிலிருந்து இறங்கிவந்த பெயின்டருக்கு, ஒன்று தனக்கு. நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"புது விதி" என்றாள். "உயிருக்கு ஆபத்துன்னா கத்து. பைக்கு ஆபத்துன்னா கத்தாதே. 'எல்லாம் இருக்கா?'ன்னு கேளு. என்ன இல்லைன்னு சொல்லாதே. நானே பாத்துக்குவேன்."

"எத்தனை தடவை கேக்கலாம்?"

"ஒண்ணு."

"ரெண்டு?"

"ஒண்ணு!"

ரொட்டி கைமாறியது. பசிக்கு அது அமிர்தமாக இருந்தது என்றும், முட்டையில் உப்புப் போட மறந்திருந்தாள் என்றும், அதை மட்டும் தான் சொல்லவே இல்லை என்றும் மாஸ்டர் சொன்னார்.

மறுவாரம் இதைக் கேட்ட தெரபிஸ்ட் தன் விதியை அடித்துவிட்டு அவள் விதியை எழுதிக்கொண்டார். தனக்கு என்ன உதவி வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று அவளே சொன்னதுதான் இதுவரை வந்ததிலேயே பெரிய முன்னேற்றம் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிளகு தண்ணீரில் இறங்கினாள். வலது கை கொஞ்சம் கோணலாகத்தான் தண்ணீரை வெட்டியது. நீளவாக்கில் போகாமல் வட்டமாகப் போனாள். மாஸ்டரின் கண் சிவந்திருந்தது, குளத்தில் மருந்து அதிகம் என்றார். அவர் குளத்துக்குள் இறங்கவே இல்லை.

இதோடு முடித்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் நாலாம் வகுப்பு அங்கேயேதானே இருக்கிறது. அதற்கடுத்த வாரமே மழைக்கோட்டைத் தொலைத்தாள். கணக்குத் தேர்வில் முதல் கணக்கின் ஓரத்தில் கிளி வரைந்துவிட்டு மீதித் தாளை வெறுமையாகக் கொடுத்தாள். பிறகு ஒரு நாள் சொல்லாமலேயே இரண்டு ஷூவையும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். இப்படித்தான் போகிறது; ஏறுமுகமா இறங்குமுகமா என்று யாராவது கேட்டால் கோணல்முகம் என்று சொல்லலாம்.

10

இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். ஐந்தாவதா, மறுபடி நாலாவதா என்று தீர்மானிக்கிறார்கள். தெரபிஸ்ட் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு அம்மா உள்ளே போயிருக்கிறார். மிளகும் போயிருக்கிறாள், அடம்பிடித்து. மாஸ்டருக்கு அனுமதி இல்லை. "அப்பா வந்தா எல்லாத்தையும் அப்பாவே பேசிடுவார். அம்மா போதும்" என்று தீர்ப்பாகிவிட்டது.

ஆகவே மாஸ்டர் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வண்டியை ஓட்டி வந்தது நான். உரிமம் கிடைத்துப் பதினோரு நாள் ஆகிறது. வழியில் அவர் இரண்டு முறைதான் கத்தினார். இரண்டும் உயிருக்கு ஆபத்தான இடங்கள், மறுப்பதற்கில்லை. ஸ்டியரிங்மேல் தாளை வைத்து இந்தப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கதவு திறந்துவிட்டது. மிளகு மட்டும் வெளியே வருகிறாள். அம்மா இன்னும் உள்ளே ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவள் முகத்தைப் படிக்கப் பார்க்கிறேன். தூரம். மாஸ்டர் கண்ணாடியை இறக்குகிறார்.

வளாகத்தின் நடுவில் தோட்டக்காரர் ஒருவர் தரையில் குந்தி, ரப்பர் குழாயில் விழுந்த சிக்கலை எடுத்துக்கொண்டிருக்கிறார். எங்களை நோக்கி வந்துகொண்டிருந்த மிளகு அங்கே நின்றுவிட்டாள். குனிகிறாள். குழாய் எந்த வளையத்துக்குள் நுழைந்து எதன் வழியாக வெளியே வருகிறது என்று விரலால் காற்றில் வரைந்து பார்க்கிறாள்.

என் கை ஹாரனுக்குப் போய்விட்டது. மாஸ்டர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். நானும் கையை எடுத்துவிட்டேன்.

முடிவு அவளிடம் இருக்கிறது. அவள் இப்போது சிக்கலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவசரம் உள்ளவர்கள் ஐந்து, நான்கு, எது தோன்றுகிறதோ அதைக் கீழே எழுதிக்கொண்டு கிளம்பலாம், தப்பில்லை. மாஸ்டரும் நானும் இருக்கிறோம்.